கம்பவுண்டர் சவரியப்பன் போட்ட கையெழுத்து

நான் மகளோடு இருக்கும் மோகனூருக்கு ஒன்பது மணிக்கு வரவேண்டிய, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் அன்று பதினொன்றுக்குத்தான் வந்தது. தபால் பையை எதிர்பார்த்து நின்றவர்களோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் இறங்கியதும் பையைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். அவருக்கு நம்மூர். நகரசபையில் நான் ஹெட்கிளார்க்காக இருந்த நாளிலிருந்தே என்னைத் தெரியும்.

"ஏனுங்க, உங்க கம்பவுண்டரு போயிட்டாருங்க. வெடியால காப்பி குடிச்சுட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாருங்களாம். சாயங்காலம் எடுக்கறாங்களாம்" என்றார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். வழியில் இரண்டு தடவை வண்டி நின்றது. இறங்கி நின்று கரி கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும் என்று இருந்தது. கண்டக்டருக்குக் கரியோடு மல்லாடவே நேரம் சரியாக இருந்தது; பஸ்ஸில் அவரைத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

இப்போது வாசகசாலை அன்பர்கள் இரங்கல் கூட்டத்தில் படிப்பதற்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். உங்களில் பலருக்குச் சவரியப்பனை என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் குழந்தைகளுக்கு அவர் மருந்து கலந்து கொடுத்திருக்கிறார். அவர் சேர்மனாக இருந்த சில மாதங்களில் நீங்கள் அவருக்கு மாலை போட்டீர்கள். பிறகு பேசாமல் இருந்தீர்கள். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவன். அங்கிருந்து பார்த்ததைத்தான் என்னால் எழுதமுடியும்.

உப்புச் சத்தியாக்கிரகத்துக்குச் சில வருஷங்கள் முந்தைய ஒரு கோடையில் நம்மூரில் வாந்திபேதி வந்தது. சவரியப்பன் அப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சந்தைப்பேட்டைக்குப் பின்னால், ஊர்க் கழிவையெல்லாம் கொட்டும் கிடங்கை ஒட்டி, நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இருந்தன. ஆபீஸ் காகிதங்களில் அதற்கு 'தோட்டி லைன்' என்று பெயர். அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே கிணறு. கிடங்கின் ஊறல் அதில் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோடையில் நோய் முதலில் விழுந்தது அங்கேதான். ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை லீவில் இருந்தார். சவரியப்பன் அங்கேயே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு தங்கிவிட்டார். சின்னான் என்ற தொழிலாளியைப் பிழைக்க மாட்டான் என்று ஓரமாகக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, காய்ச்சிய உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி அவனை எழுப்பி உட்காரவைத்தார். அவன் மனைவி பாவாயி அன்று முதல் அவரைப் பெயர் சொல்லியோ கம்பவுண்டர் என்றோ கூப்பிட்டதில்லை. சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

நோய் அடங்கிய பிறகு அவர் நகரசபை ஆபீசுக்கு வந்தார். சந்தை முனையில் இருக்கும் குழாயிலிருந்து லைன் வரைக்கும் பைப்பை நீட்டவேண்டும் என்று அப்போதைய சேர்மனிடம் கேட்டார். ஆஸ்பத்திரி வேலையைக் கம்பவுண்டர் பார்க்கட்டும், நகரசபை வேலையை மெம்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சேர்மன் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். சவரியப்பன் வெளியே வந்து என் மேஜை எதிரில் நின்றார்.

"ஏனுங்க பழனிசாமி, மெம்பரு ஆகறதுக்கு என்ன பண்ணோணுங்க?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரி வேலையை விட்டுக் கடைவீதியில் ஒரு சின்ன மருந்துக்கடை வைத்து, அடுத்த தேர்தலில் நின்று ஜெயித்தார். வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு இருந்த காலம். யாருக்காக நின்றாரோ அவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் அவருடைய மருந்தைக் குடித்த வீட்டுக்காரர்கள்.

மெம்பரான முதல் மாதமே குழாய்த் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஒத்திவைக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடி கொண்டுவந்தார். மறுபடி ஒத்திவைத்தார்கள். இப்படியே பல வருஷம். குழாயில் வேகம் குறையும், செட்டித்தெருவில் தண்ணீர் வராது என்று எதிர்த்தவர்கள் காரணம் சொல்வார்கள். ஒரு மெம்பர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: எங்கள் வீட்டுக்கு வருகிற அதே பைப்பில் அவர்களும் வாய் வைப்பதா என்று கேட்டார். மினிட் புத்தகத்தில் நான் அதை எழுதவில்லை. 'உறுப்பினர் சில ஆட்சேபங்களைத் தெரிவித்தார்' என்று எழுதினேன். சவரியப்பன் அன்றும் கோபப்படவில்லை. எப்படிப் பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன்.

"நோயாளி மருந்தத் துப்பறான்னு கம்பவுண்டரு கோவிச்சுக்க முடியுங்களா? தள்ளுபடின்னு எழுதுனீங்கன்னாத்தான் எனக்குப் பயம். ஒத்திவைப்புன்னா இன்னும் உசுரு இருக்குதுங்க" என்றார்.

அந்த உயிரை நம்பித்தான் அத்தனை வருஷம் வந்துகொண்டிருந்தார். அவரை எண்ணி ஆபீசில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் சேர்மனானது அவருடைய செல்வாக்கால் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அரிசி மில் கட்சியும் ஜவுளிக்கடைக் கட்சியும் சரிபாதியாக நின்றன. ஒருவர் வருவதை மற்றவர் விரும்பவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சொந்தமோ பந்தமோ இல்லாத, யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரு மனிதரைத் தேடினார்கள். அவர் கிறிஸ்தவர்; நம்மூரில் வேதக்காரர்கள் குறைவு. அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமும் கிடையாது. சொன்ன இடத்தில் உட்காருவார் என்று எண்ணி உட்காரவைத்தார்கள். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. நாற்காலி கிடைத்தால் குழாயைப் போட்டுவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அவர் சேர்மனான அன்று லைனிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து காம்பவுண்டுக்கு வெளியே நின்றார்கள். சவரியப்பன் கழுத்து மாலைகளைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர்களிடம் போனார். இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், பைப் வந்துவிடும் என்றார். பாவாயி மட்டும், "நீங்க சொன்னா வருமுங்க சாமி" என்றாள்.

தீர்மானம் அந்த மாதமே நிறைவேறியது. பைப்புகளும் வந்தன. ரயிலில் இறங்கி, மாட்டுவண்டிகளில் ஏறி, சந்தை முனையில் அடுக்கப்பட்டன. லைன் பெண்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு அரிசி மில் கட்சி வாயைத் திறந்தது. ஊருக்குக் கிழக்கே புதிதாக மனை பிரித்து வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த லோடு பைப் அங்கே போகட்டும், அடுத்த லோடு லைனுக்கு என்றார்கள். மறுத்தால் ஆதரவு போய்விடும். சவரியப்பன் ஒப்புக்கொண்டார். பட்டப்பகலில், லைன்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அடுக்கியிருந்த பைப்புகளை வண்டிகளில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் துப்புரவுத் தொழிலாளர்கள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை.

மாரியம்மன் பண்டிகைக்குக் கொஞ்ச நாளே இருந்தது. ஊர் நாறியது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வரும் நேரத்தில் ஒரு தெருவிலும் நடக்கமுடியவில்லை. சவரியப்பன் தினமும் லைனுக்குப் போய்ப் பேசினார். பைப் வந்தால் வருகிறோம் என்பதுதான் அவர்கள் பதில். அதுவரை ஒன்றுசேராத இரண்டு கட்சியும் ஒன்றாக அவர் அறைக்குள் நுழைந்தன. நாளைக் காலைக்குள் வேலைக்குத் திரும்பாதவர்கள் வேலையை இழப்பார்கள், நகரசபை வீட்டைக் காலிசெய்யவேண்டும், வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப்படும் என்று ஒரு நோட்டீஸ். அதில் சேர்மன் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் நம்பிக்கையில்லாத் தீர்மானம். புதிய சேர்மன் வந்தால் குழாய்த் தீர்மானமே ரத்து. சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த நோட்டீசை எழுதியவன் நான். எழுதிக்கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க, பழனிசாமி?"

பல வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்த நான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசனை சொன்னேன். "போட்டுருங்க. நாற்காலி இருந்தாத்தானுங்க குழாயி. ஒரு நாள்ல பயந்துக்கிட்டுத் திரும்பி வந்துருவாங்க. யாரும் ஊட்டக் காலி பண்ணப் போறதில்லீங்க" என்றேன். நல்லெண்ணத்தில் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். நோட்டீஸ் கையெழுத்தாகாமல் திரும்பினால் என்மேல் கோபப்படக்கூடிய மெம்பர்கள் வெளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்ததும் எனக்குத் தெரியும்.

அவர் பேனாவை எடுத்தார். மருந்துச் சீட்டில் போடுவதுபோலச் சின்னதாக, தெளிவாகப் போட்டார்.

அவர்கள் பயந்துகொண்டு திரும்பவில்லை. மறுநாள் போலீஸ் வந்தது. பானைகளும் பாய்களும் வெளியே வந்தன. சந்தைக்கு அப்பால் புளியமரங்களின் கீழ் அத்தனை குடும்பமும் உட்கார்ந்தது. வெளியூர் ஆட்கள் வந்து தெருக்களைப் பெருக்கினார்கள். பண்டிகை குறைவில்லாமல் நடந்தது. அந்த வருஷம் பூச்சாட்டும் தேரும் பிரமாதம் என்று ஊரே பேசியது. புளியமரத்தடியில் பாவாயியின் நான்கு வயதுப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சவரியப்பன் மருந்தோடு ஓடினார். நானும் கூடப் போனேன். நாங்கள் போனபோது குழந்தையைத் துணியில் சுற்றிவைத்திருந்தார்கள்.

பாவாயி அழவில்லை. அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்த நோட்டீசுல இருக்கறது உங்க கையெழுத்துத்தானுங்களா, சாமி?"

"ஆமா, என்னுதுதான்" என்றார் அவர்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. வேற ஆரோ உங்க பேர்ல போட்டுட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தனுங்க."

நாற்காலி, குழாய், அடுத்த லோடு என்று அவர் எதுவும் சொல்லவில்லை. நான் அவருக்குப் பின்னால், ஓர் அடி தள்ளி நின்றிருந்தேன். நான் சொல்லித்தான் போட்டார் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாரக் கடைசியில் தொழிலாளர்கள் வேலைக்கும் லைன் வீடுகளுக்கும் திரும்பினார்கள். சின்னான் திரும்பவில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் கூலிக்குப் போனவன் வரவே இல்லை. அடுத்த லோடு பைப்பும் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டன. நடுவில் ஒரு ஆள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. சவரியப்பன் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து நின்று, "குழாய்த் தீர்மானத்த மட்டும் தள்ளுபடி பண்ணிப்போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் தள்ளுபடி செய்யவில்லை. ஒத்திவைத்தார்கள். நான் எழுதினேன். அடுத்த தேர்தலில் அவர் வார்டிலேயே தோற்றார். சில நாளில் யுத்தம் வந்தது. இரும்பு என்ற பேச்சே எடுக்கமுடியாமல் போயிற்று. பிறகு கவுன்சிலையே கலைத்து ஒரு ஸ்பெஷல் ஆபீசரைப் போட்டார்கள். அவருக்கு லைன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

தோற்ற பிறகு சவரியப்பன் செய்த ஒரு காரியம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியவில்லை. கிணற்றில் போடும் அந்த ஊதா மருந்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் லைனுக்குப் போவார். கிணற்றில் ஊற்றிவிட்டுத் திரும்புவார். அவரோடு யாரும் பேசமாட்டார்கள். யாரும் தடுக்கவும் இல்லை. காய்ச்சல் என்றால் அவரிடம் வராமல் தர்ம ஆஸ்பத்திரிக்கு நடப்பார்கள். அவர் வீட்டில் இதற்காகச் சண்டை நடந்ததாகக் கேள்வி. தன் கடைக்கே மருந்து வராத யுத்த மாதங்களில் சேலத்துக்குப் போய் அஸ்தம்பட்டியில் தெரிந்த ஒரு டாக்டரிடம் கெஞ்சி வாங்கிவருவார். கிடங்கு அங்கேயேதான் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஊறல் கிணற்றில் இறங்கியது. இரண்டு நாளுக்கு மேல் அந்த மருந்து நிற்காது என்று அவருக்கே தெரியும்.

போன வருஷம் நான் அவரைப் பார்க்கப் போனேன். கடையை மூடிவிட்டிருந்தார். கண் பார்வை குறைந்திருந்தது. லைனுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு போய்வருவதாகச் சொன்னார். அவர்கள் இப்போதாவது பேசுகிறார்களா என்று கேட்டேன்.

"எதுக்குங்க பேசோணும்?" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "நீங்க போடச் சொன்னதா நான் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க, பழனிசாமி. போட்டது என்னோட கையி" என்றார்.

மகள் வீட்டுக்கு வாருங்கள், ஆற்றங்கரையில் நாலு நாள் இருக்கலாம் என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவர் இறந்த அன்று பஸ் நம்மூர் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை வீட்டைவிட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். வேதக்கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பழைய மெம்பர்களில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் பாவாயி தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி வருவதைப் பார்த்து, வண்டிக்கு ஒதுங்குவதுபோல் ஓரமாக நின்றாள். கூட்டம் கடந்ததும், விழுந்து கிடந்த பூக்களைச் சேர்த்து மற்றக் குப்பையோடு பெருக்கித் தள்ளினாள். முகத்தில் நான் தேடியது எதுவும் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் நான் லைனுக்குப் போனேன். முப்பது வருஷம் நகரசபையில் வேலை பார்த்தவன், நானாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. பாவாயி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டாள். சாவுக்கு வந்தேன் என்றேன்.

"பார்த்தனுங்க" என்றாள். வாளியை மேலே இழுத்து வைத்தாள். பிறகு கேட்டாள். "இனிமே கெணத்துக்கு மருந்து போட ஆரு வாரதுங்க? ஆபீசுல சொல்லி ஒரு ஆளப் போடச் சொல்றீங்களா?"

அவளிடம் சொல்லத்தான் நான் அங்கே போயிருந்தேன். அந்த மனிதர் தானாகப் போடவில்லை, நான் சொல்லித்தான் போட்டார் என்று சொல்லவேண்டும். வாளியின் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அவள் அதைக் குடத்தில் ஊற்றிவிட்டு என் பதிலுக்காக நின்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

ஆபீசில் சொன்னேன். ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்கள். பஸ் ஏறி மோகனூர் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை மழை பெய்திருக்கிறது. யாரும் போகவில்லை என்று கண்டக்டர் சொல்கிறார்.

இந்தக் கூட்டத்தில் அவருடைய நேர்மையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் மற்றவர்கள் பேசுவார்கள். எல்லாம் உண்மை. அவற்றால் லைனுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிடவில்லை என்பதும் உண்மை; நான் இதை எழுதுவதாலும் வரப்போவதில்லை. பாவாயி இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டாள். வந்தாலும் யாரும் உட்காரச் சொல்லமாட்டீர்கள். அவளிடம் சொல்லமுடியாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கையெழுத்தில் பாதி என்னுடையது. அதைக் கடைசிவரை வெளியே சொல்லாமல் அவர் தன் பேரிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. அவருடையது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.